தங்கையா அண்ணன் பேசாத அரை நிமிடம்

படம் முடிந்ததும் வகுப்பில் ஒருத்தருக்கும் மூச்சு வரவில்லை.

நாகர்கோவில் பக்கம் எங்கள் பள்ளிக்கூடம். பிளஸ் ஒன் ஊடக வகுப்பில் ஜெபிஷா எடுத்த படம் அது. போன வாரம் பள்ளி வேனில் ஒரு எல்கேஜி பிள்ளை தூங்கிப்போய், உள்ளேயே வைத்துப் பூட்டப்பட்டுவிட்டது. அழுகை கேட்டு யாரோ ஓடிப்போய்த் திறக்க வைத்தார்கள். நல்லவேளை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. வேன் டிரைவர் தங்கையா அண்ணனை ஜெபிஷா பேட்டி எடுத்திருந்தாள்.

"வண்டியப் பூட்டுறதுக்கு முன்னால கடைசி சீட் வரை பாத்தீங்களா?" என்று அவள் குரல் கேட்கிறது. திரையில் தங்கையா அண்ணன். பதில் இல்லை. எச்சில் விழுங்குகிறார். ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்க்கிறார். தலையைக் குனிந்துகொள்கிறார். அதோடு படம் இருட்டாகிவிட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் காலையில் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிடுகிற மனுஷன். சீ, இவரா இப்படி என்று ஆகிவிட்டது.

ஷூட்டிங்குக்காக எங்கள் வகுப்புக்கு மட்டும் போன் உண்டு. எங்களுக்குத்தான் கை சும்மா இருக்காதே. யாரோ திரையில் ஓடின அந்தத் துண்டைப் போனில் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மதியத்துக்குள் பிரின்சிபால் அறை முன்னால் பெற்றோர் கூட்டம். அந்த ஆளை இன்றைக்கே வேலையை விட்டு அனுப்பணும் என்று ஒரே பிடி. தங்கையா அண்ணன் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே நின்றார்.

எங்கள் ஊடக ஆசிரியை புஷ்பலீலா டீச்சர் ஜெபிஷாவைத் தனியாகக் கூப்பிட்டார். கூட என்னையும், மைக் பிடிக்க. அந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஜெபிஷா லேசில் மடங்குகிற ஆள் இல்லை.

"அவர் சொல்லாத ஒரு வார்த்தையாவது நான் சேத்திருக்கேனா? இதுல பொய் எங்க இருக்கு டீச்சர்?"

டீச்சர் அவளைக் கேமரா முன்னால் உட்கார வைத்து, அறைச் சத்தம் எடுக்கணும், கொஞ்ச நேரம் சும்மா இரி என்றார். அது எங்களுக்குப் பழகின வேலைதான். பேட்டி முடிந்ததும் யாரும் வாயைத் திறக்காமல், அந்த அறையின் சத்தத்தை மட்டும் அரை நிமிடம் பதிவு செய்வோம். வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப உதவும். ஜெபிஷாவும் உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு மணிக்குப் பிறகு டீச்சர் அதைத் திரையில் போட்டார். முதலில் டீச்சரின் குரல் வந்தது.

"ஜெபிஷா, இந்தப் படம் நீ எடுத்தது இல்லியே? இன்னொருத்தர்கிட்ட திருடினதுதானே?"

திரையில் ஜெபிஷா எச்சில் விழுங்கினாள். ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

பின் பெஞ்சில் ஒருத்தி "அடிப்பாவி" என்றாள். இவள் திருடித்தான் இருப்பாளோ என்று பக்கத்தில் நின்று மைக் பிடித்த நானே ஒரு நொடி நினைத்தேன்.

ஜெபிஷா வெளிறிப்போய் எழுந்தாள்.

"நீங்க இப்பிடிக் கேக்கவே இல்லியே டீச்சர். சும்மா இரின்னுதானே சொன்னீங்க."

"தங்கையா அண்ணன்ட்ட நீ என்ன சொன்னே?"

அவள் குரல் இறங்கிவிட்டது.

"அறைச் சத்தம் எடுக்கணும், சும்மா இருங்கன்னு சொன்னேன். அதத்தான் கேள்விக்குப் பின்னால ஒட்டினேன்."

"சீட்டைப் பாத்தீங்களான்னு கேட்டதுக்கு நெசமா என்ன சொன்னார்?"

ஜெபிஷா அழ ஆரம்பித்துவிட்டாள். எல்லா சீட்டையும் பார்த்தேன் மக்ளே, ஆனா குனிஞ்சு அடியில பாக்கல்ல, பிள்ளை அங்க உறங்கிக் கிடந்துது, அது என் தப்புதான் என்று சொன்னாராம். அன்றையிலிருந்து தனக்கு உறக்கமே இல்லை என்றும் சொன்னாராம். அதைப் போட்டால் பார்க்கிறவர்களுக்கு அவர்மேல் பாவமாகிவிடும், படம் எடுபடாது என்று இவள் வெட்டிவிட்டாள்.

வகுப்பில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. போனைக் கையில் வைத்திருந்தவர்கள் பைக்குள் போட்டார்கள்.

அந்த நேரம் பியூன் வந்து வாசலில் நின்றார். பெற்றோர் முழுப் படத்தையும் பார்க்கணுமாம், எடுத்த பிள்ளையை வரச் சொல்லுகிறார்களாம்.

ஜெபிஷா டீச்சரைப் பார்த்தாள். "நான் அங்க என்ன டீச்சர் சொல்லணும்?"

வெட்டாத பேட்டி இருந்த மெமரி கார்டை டீச்சர் அவள் கையில் வைத்தார்.

"போ மக்ளே. இந்தத் தடவ உன்ன யாரும் சும்மா இரிக்கச் சொல்லல்ல."