வெளிச்சம் படாத மாப்பிள்ளை

ஓமாங்குளத்தில் குழந்தைவேலுவுக்கு மட்டும் பெண் அமையவே இல்லை. போன தடவை செல்போனில் எடுத்து அனுப்பிய படத்தில் கூட்டாளி மாசிலாமணியும் ஓரமாக நின்றுவிட்டான். பெண் வீட்டார் மாசிலாமணியின் ஜாதகத்தைக் கேட்டார்கள். பாவம், குழந்தைவேலுவுக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை. வெறும் இட்லியோடு நிறுத்திக்கொண்டான்.

இப்போது வந்த பெண்ணின் அப்பா கறாரான ஆள். "செல்போன் படத்துல எல்லாப் பயலும் அழகாத்தான் இருக்கான். பழைய ஃபிலிம் கேமராவுல எடுத்து அனுப்புங்க. அது பொய் சொல்லாது" என்றுவிட்டார்.

மாமா வீட்டுப் பரணிலிருந்து கேமரா இறங்கியது. குழந்தைவேலு, மாசிலாமணி, இன்னொரு கூட்டாளி அண்ணாவி மூவரும் டவுன் கடைக்குப் போய், இருப்பதிலேயே மலிவான ஃபிலிம் கேட்டார்கள்.

"அப்போ கருப்பு வெள்ளைதான்," என்றார் கடைக்காரர். "இது வேகமான ஃபிலிம், கம்மி வெளிச்சத்துலயும் படம் விழும். இது மெதுவானது, விலை குறைச்சல்."

மூவரும் ஓரமாகப் போய் ஆலோசித்தார்கள்.

"வேகம் எதுக்கு? இவன் என்ன ஓடவா போறான்?" என்றான் அண்ணாவி.

"நிக்கச் சொன்னா நிப்பேன்டா, சத்தியமா," என்றான் குழந்தைவேலு.

"தேதி முடிஞ்சுபோனது ஒண்ணு கிடக்கு. அது இன்னும் மலிவு," என்று கடைக்காரர் குரல் கொடுத்தார்.

"அதையே குடுங்க. மாப்பிள்ளைக்கும் தேதி முடியுற மாதிரிதான் இருக்கு," என்றான் மாசிலாமணி.

கடைக்காரரே ஃபிலிமை மாட்டிக் கொடுத்தார். "வெளிச்சம் மட்டும் படவே கூடாது. பட்டுதோ, போச்சு!"

போச்சு என்றால் கல்யாணமே அல்லவா போச்சு! வீட்டுக்கு வந்ததும் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, ஓட்டு இடுக்கில் கோணி அடைத்தார்கள். உள்ளே கும்மிருட்டு.

"மாசிலாமணி, நீ கதவுகிட்டயே நில்லு. படத்துக்குள்ள வந்தே, கொலை விழும்," என்றான் குழந்தைவேலு.

"சிரிடா," என்றான் அண்ணாவி.

"சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"என்னைப் பார்த்துச் சிரி."

"நீ எங்கடா இருக்கே?"

டிக் என்றது கேமரா. சிரிப்பு சரியாக விழுந்ததோ என்னவோ என்று குழந்தைவேலுவுக்கு ஒரே கவலை.

"திறந்து பார்த்துடுவோம். படம்தான் எடுத்தாச்சே, இனிமே வெளிச்சம் பட்டா என்ன?" என்றான் அண்ணாவி. உச்சி வெயிலில் கேமராவை வாசலில் வைத்துத் திறந்தார்கள். ஒன்றும் தெரியவில்லை.

கடைக்காரர் ஃபிலிமைக் கழுவி எடுத்துத் தலையில் அடித்துக்கொண்டார். முழுக்க ஒரே கருப்பு.

அண்ணாவி அதை வாங்கிப் பார்த்து அசந்துபோனான். "அடேயப்பா! அன்னிக்கு நம்ம வீடு அச்சு அசல் இப்படியேதான் இருந்துச்சு. பொண்ணோட அப்பா சொன்னது சரிதான், பொய்யே சொல்லலை."

"என் சிரிப்பு?"

"உள்ள இருக்கும்டா."

அனுப்பிவிட்டார்கள். குழந்தைவேலு நகத்தைக் கடித்தபடி காத்திருந்தான். ஒருநாள் பெண்ணின் அப்பாவே ஃபிலிமும் கையுமாக வந்து இறங்கினார்.

"மாப்பிள்ளை லட்சணமா இருக்காரு, எங்களுக்குத் திருப்தி," என்றார். குழந்தைவேலுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் ஃபிலிமை வெயிலில் தூக்கிப் பிடித்தார். "ஆனா, பக்கத்துல நிக்கிறாரே ஒருத்தர், அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

குழந்தைவேலு மெல்லத் திரும்பி மாசிலாமணியைப் பார்த்தான்.

மாசிலாமணி தலையைத் தொங்கப்போட்டான். "இருட்டுதானே, தெரியாதுன்னு நினைச்சேன்டா."