கந்தக வார்ப்பு

“எத்தனையோ தோட்டா போட்டுப் பாத்துட்டேன், அம்மணி. ஒண்ணு உள்ள போக மாட்டேங்குது. இன்னொண்ணு தொளதொளன்னு ஆடுது.”

பொன்னுரங்கம் துப்பாக்கியை மேசைமேல் கிடத்தினார். அவருக்கு வயது அறுபது. துப்பாக்கிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும்.

அருளாயிக்கு நாற்பதுதான். மலையடிவாரத்தில் துப்பாக்கி பழுது பார்ப்பவள். எதையும் தானே செய்து கொடுத்து அனுப்ப மாட்டாள். வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யவைப்பாள். அதனால் அவளைவிட மூத்தவர்களும் அவளுக்குச் சீடர்கள்.

அவள் குழலைத் துடைத்துப் பார்த்தாள். எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை.

“இதுக்கு எந்தத் தோட்டான்னு தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?”

“அப்பாவுக்குத் தெரியும். அவரு போய்ட்டாரு.”

“வேற?”

“யாருமில்ல,” என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அவசரத்தையும் சொன்னார். ஊரில் தேர் வடம் பிடிக்கும் முன்பு அவர் வீட்டுத் துப்பாக்கி வானத்தைப் பார்த்து ஒருமுறை வெடிக்க வேண்டும். அப்பா போனபின் இரண்டு திருவிழா சத்தமில்லாமலே கழிந்துவிட்டன. இந்த வருஷமும் வெடிக்காவிட்டால் அந்த மரியாதை வேறு வீட்டுக்குப் போய்விடும்.

“அப்பத் துப்பாக்கிகிட்டயே கேப்போம்,” என்றாள்.

கந்தகத்தை உருக்கச் சொன்னாள். அவர் அடுப்பைத் தூண்டிவிட்டார். கந்தகம் கருத்து, கெட்டிப் பாகாகி, நீலமாய்ப் பற்றிக்கொண்டது. அருளாயி மூடியைப் போட்டு அணைத்தாள்.

“தீயக் கொறைங்கண்ணா. அது உருகுறப்ப உருகட்டும்.”

இரண்டாம் முறை தேன் நிறத்தில் உருகி வந்தது. தோட்டா உட்காரும் அறைக்கு எண்ணெய் தடவி, அறைக்கு அப்பால் குழலைத் துணியால் அடைத்து, ஊற்றினார்கள். இறுகியதும் குழல் வாய்வழியே கம்பியை விட்டு அவர் மெல்லத் தள்ளினார். விரல் நீள மஞ்சள் உருவம் ஒன்று அவள் கையில் வந்து விழுந்தது.

“இது என்ன, அம்மணி?”

“இத்தன நாளும் உள்ள காலியா இருந்த எடம்.”

அளந்தாள். இரண்டு வகைத் தோட்டாக்கள் அந்த அளவுக்கு ஒத்துவந்தன. இரண்டுக்கும் நகக்கனம்தான் வித்தியாசம். தப்பானதைப் போட்டால் சுடுகிறவர் முகத்திலேயே வெடிக்கும் என்றாள்.

“எதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?”

“அப்பாவோட தோட்டா ஒண்ணு இருந்தா, இதுக்குப் பக்கத்துல வெச்சாத் தெரிஞ்சிரும். மிச்சம் வெக்கலீங்களா?”

பொன்னுரங்கம் அடுப்புத் தீயை அணைத்தார்.

“வெச்சாரு. ஒண்ணே ஒண்ணு.”

“எங்க இருக்கு?”

“பாகம் பிரிச்சப்பத் துப்பாக்கி எனக்கு வந்துச்சு. தோட்டா அந்த வீட்டுக்குப் போச்சு.”

எந்த வீடு என்று அவள் கேட்கவில்லை.

“கூடப் பொறந்தவன்,” என்றார் அவரே. அவன் பேரை இனி வாயால் சொல்ல மாட்டேன் என்று பாகம் பிரித்த அன்று ஊர் முன்னால் சொன்னவர் அவர். தோட்டாவை வாங்கிவர யாரையாவது அனுப்பலாமா என்று கேட்டார்.

அருளாயி அவர் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, பஞ்சை விரித்து, மஞ்சள் வார்ப்பை அதன்மேல் வைத்தாள். “நீங்களே கொண்டுபோய் அந்தத் தோட்டாவுக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க.”

“பையில போட்டுக்கட்டுமா?”

“ஒடஞ்சிரும்.”

“ஒரு கையில?”

“அழுத்திப் புடிச்சா நொறுங்கிரும்ங்கண்ணா. விட்டுப் புடிச்சா விழுந்துரும்.”

துப்பாக்கி அவளிடமே இருந்தது. அவர் நடந்தார். வழியில் சைக்கிளில் வந்த ஒருவன் கால் ஊன்றி நின்று, “கோழிக்குஞ்சா, மாமா?” என்று கேட்டான். ஆமாம் என்றார்.

மேலத் தெருவில் அந்த வீட்டின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

கதவைத் தட்டக் கை இல்லை. காலால் உதைக்கப் போனார். தூக்கிய காலைத் திரும்பக் கீழே வைத்தார்.

கைகளுக்குள் கந்தகம் இன்னும் லேசாய்ச் சுட்டது.

தொண்டையைச் செருமினார்.

“தேவு,” என்றார். பிறகு கொஞ்சம் சத்தமாக, “டேய் தேவு.”

ரேடியோ நின்றது.

“தாப்பாப் போடலண்ணா,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். “எப்பவுமே போடறதில்ல.”