துபாஷியார் கேட்ட நாற்காலி

கும்பினியார் காலத்தில் மருதங்காடு என்றொரு சமஸ்தானம் இருந்தது. ராஜா வடக்கு வாசலில் தும்மினால் தெற்கு வாசலில் நிற்பவன் 'நூறாயுசு' என்பான்; அவ்வளவுதான் அதன் நீளம். அதை ஆண்ட சொக்கலிங்க ராயருக்கு யானையிடம் பயமில்லை, புலியிடம் பயமில்லை. இங்கிலீஷ் இலக்கணத்திடம்தான் பயம்.

பயத்தை ஊட்டியவர் துபாஷி ராகவையா. சென்னப்பட்டணத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர். "எட்டு வகைச் சொல்லும் தெரியாமல் துரை முன்னால் வாயைத் திறந்தால் மானம் போய்விடும், மகாராஜா" என்று ஆறு மாதமாக ஓதிவந்தார். ராஜாவும் ஆறு மாதமாக உருப்போட்டார். நவுனைப் பிடித்தால் வெர்பு ஓடியது. வெர்பைப் பிடித்தால் நவுன் மறந்தது.

வெள்ளிக்கிழமை கலெக்டர் துரை வருவதாகச் செய்தி வந்தது. பெரிய ஏரியைக் கும்பினிக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லத்தான் வருகிறார்.

துபாஷி சபையில் எழுந்தார். "மகாராஜா அந்தப்புரத்தில் ஓய்வாக இருக்கட்டும். தங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்து பேசி முடித்துவிடுகிறேன்."

அவை விகடர் மாசிலாமணிக்கு இது பொறுக்கவில்லை. ஏரி போனால் ஊர் வயல் எல்லாம் போச்சு. போன மாதந்தான் இதே துபாஷி கும்பினிக்காரர்களோடு ஏரிக்கரையில் சிரித்துக்கொண்டு உலாவியதை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

"மகாராஜா, அந்த எட்டையும் நான் சொல்லித் தருகிறேன்" என்றார்.

"உமக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"ஒரு எழுத்துக்கூடத் தெரியாது."

சபை சிரித்தது. ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "விளையாடுகிறீரா? இன்றைக்குள் என் தலையில் ஏற்றும். ஏறாவிட்டால் துபாஷி என் நாற்காலியில், நீர் ஊர் எல்லைக்கு அப்பால்!"

"அப்படியே ஆகட்டும். ஒவ்வொன்றும் என்ன வேலை செய்யும் என்று துபாஷியார் சொன்னால் போதும். அந்த வேலை செய்கிற ஆளை நான் காட்டுகிறேன்."

துபாஷி உதட்டைப் பிதுக்கினார். "நவுன். பெயர்."

"அது மகாராஜா."

"அட்ஜெக்டிவ். பெயருக்குச் சிறப்புச் சேர்ப்பது."

விகடர் கட்டியக்காரனுக்குக் கண் காட்டினார். அவன், "ராஜாதிராஜ, ராஜமார்த்தாண்ட, சத்ருசம்ஹார..." என்று எடுத்துவிட்டான். ராஜா கையமர்த்தினார். "போதுமப்பா! நான் ஒருவன், எனக்கு முன்னால் இத்தனையா?"

வெர்பு என்றால் வேலை செய்வது என்றதும் ராஜாவே முந்திக்கொண்டார். "தலைக்கு மேலே பங்கா விசிறி இழுக்கிறானே, அவன்! இந்தச் சபையில் வேலை செய்கிறவன் அவன் ஒருத்தன்தான்." அட்வெர்பு, அந்த வேலை எப்படி நடக்கிறது என்பது. "தூங்கித் தூங்கி நடக்கிறது" என்றார் ராஜா. அவருக்குக் குஷி பிறந்துவிட்டது.

மேலே, கீழே, பக்கத்தில் என்று இடம் சொல்லும் பிரிபொசிஷனுக்கு, யார் எங்கே உட்காருவது என்று சொல்லும் வாசல் மணியக்காரர் அகப்பட்டார். இரண்டைச் சேர்த்துவைக்கும் கன்ஜங்ஷனுக்குக் கல்யாணத் தரகர். ஆச்சரியத்தில் கத்தும் இன்டர்ஜெக்ஷனைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. பின்வரிசையில் எல்லாரும் "பேஷ்! பேஷ்!" என்று கத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

துபாஷியின் முகம் சுண்டிப்போயிற்று. கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "புரோநவுன். பெயருக்குப் பதிலாக வந்து நிற்பது. வெள்ளிக்கிழமை மகாராஜாவுக்குப் பதிலாக உட்காரப்போகிறவன் நான். ஆக, அது நான்தான். இல்லை என்பீரோ?"

"இல்லை என்பேனா? நீரேதான்!" என்றார் விகடர்.

ராஜா திடுக்கிட்டார். விகடர் கவலையே படவில்லை. "மகாராஜா, நமக்கு இது புதிதா? தாங்கள் போக முடியாத கல்யாணத்துக்கெல்லாம் தங்களுக்குப் பதிலாகப் பட்டத்து வாள்தானே போகிறது? அதற்கு மாலை, தாம்பூலம், கும்பிடு எல்லாம் உண்டே!"

துபாஷிக்கு வாயெல்லாம் பல். "அதே மரியாதை எனக்கும் நடக்க வேண்டும். ஒன்றுகூடக் குறையக் கூடாது. சபையறியச் சொல்லுங்கள்!"

"ஒன்றுகூடக் குறையாது" என்று கையடித்துக் கொடுத்த விகடர், ஆயுதசாலைக் காவலர் பக்கம் திரும்பினார். "ஐயா பெரியகருப்பரே, பதிலுக்குப் போகிற வாளுக்கு என்ன முறை?"

காவலர் கைகட்டி நின்று சொன்னார்: "நல்லாத் தேய்ச்சு, எண்ணெய் பூசி, உறையிலே இறக்கி, வாயை இறுக்கக் கட்டிருவோமுங்க. போன இடத்திலே உறையை விட்டு வரப்படாது. திரும்பினதும் உள்ளே வச்சுப் பூட்டுனா, அடுத்த ஆயுதபூசைக்குத்தான் திறக்கிறது."

விகடர் துபாஷியின் பக்கத்தில் போய் நின்றார். உச்சி முதல் உள்ளங்கால் வரை முழம் போட்டு அளந்தார். பிறகு காவலரைப் பார்த்துக் கவலையோடு கேட்டார்:

"இவர் அளவுக்கு உறை இருக்கிறதா?"

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை கழன்று மடியில் விழுந்தது. "துபாஷி, நவுன் நான்தானே? நானே பேசுகிறேன், தமிழில். ஏரி கிடையாது என்பேன். நீர் பின்னால் நின்று, கூட்டாமல் குறைக்காமல் அதைத் துரைக்குச் சொல்லும்!" என்றவர், தம் தோளில் கிடந்த சால்வையை எடுத்து மாசிலாமணிக்குப் போர்த்தினார்.