அங்கண்ணன் ஒரு நூல் தேய்த்தது

அங்கண்ணன், பொன்னான், சின்னக்குட்டி மூவரும் அண்ணன் தம்பிகள். மூவருக்கும் பொதுவில் ஒரு மரம் அறுக்கும் மெஷின் இருந்தது. மூளையும் பொதுவில்தான் என்று ஊரில் பேச்சு. அது யாரிடம் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

அன்று பொன்னானுக்குக் கல்யாணம். பத்தரைக்கு முகூர்த்தம். எட்டரை மணிக்கு ஊர் எல்லையில் ஒரு வேப்பமரம் ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்துவிட்டது. பெண் வீட்டார் வந்த வேன் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. அண்ணன் தம்பிகள் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், மாப்பிள்ளை பட்டுவேட்டியோடு.

மெஷின் நாலு தரம் இருமியது. மரத்தில் நகக்கீறல் அளவுக்குத்தான் பதிந்தது. அங்கண்ணன் பட்டறை இஸ்மாயில் பாய்க்குப் போன் போட்டான்.

“பாய், மெஷின் இழுக்க மாட்டேங்குதுங்க.”

“புகை வெளிய போற ஓட்டை பத்தல. சிலிண்டரைக் கழற்றி, அந்த ஓட்டையோட விளிம்பை அரத்தால ஒரு நூல் தேய். தூள் உள்ள போயிடப் போகுது, வாயைப் பொத்திக்கிட்டுத் தேய். மாட்டினதும் உடனே மரத்துல வைக்காத, பத்து நிமிஷம் சும்மா ஓட விடு.”

பட்டறையில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அங்கண்ணனுக்கு நூல் என்றால் நூல்.

பொன்னானின் வேட்டி ஓரத்தில் ஓர் இழையை உருவினார்கள். அது வந்துகொண்டே இருந்தது. நாலு முழம்!

“நாலு முழம் தேய்க்கோணும்னா சிலிண்டர் பத்தாதுங்கண்ணா,” என்றான் சின்னக்குட்டி.

“இன்னும் ரெண்டு சிலிண்டர் கேட்டு வாங்கலாமா?” என்றான் பொன்னான்.

அங்கண்ணன் கண்ணை மூடி யோசித்தான். “நூலுக்கு நீளம் மட்டுமாடா இருக்குது? கனமும் இருக்குதில்ல? அந்தக் கனத்துக்குத் தேய்ச்சாப் போதும்.”

இவ்வளவு பெரிய யோசனை அந்தக் குடும்பத்தில் அதுவரை யாருக்கும் வந்ததில்லை.

அடுத்து வாயைப் பொத்தவேண்டும். அங்கண்ணனுக்கு இரண்டு கையிலும் வேலை. அதனால் அவன் வாயைப் பொன்னான் பொத்தினான். பொன்னான் வாயைச் சின்னக்குட்டி பொத்தினான்.

“அப்ப என் வாயை?” என்றான் சின்னக்குட்டி.

மற்ற இருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. மரத்துக்கு மேலாகக் கையை நீட்டி, பெண் வீட்டார் கொண்டுவந்த சீர்த்தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவனே வாயில் அடைத்துக்கொண்டான். சிலிண்டரின் வாய் மட்டும் ஆவென்று திறந்திருந்தது. உள்ளே விழுந்த தூளைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவினார்கள். பாய் சொல்லாததால் அதைச் சரியாகச் செய்தார்கள்.

தேய்ந்தது உலோகம் இல்லை, ஓட்டையை அடைத்திருந்த மூன்று வருஷத்துக் கரி. அது போனதும் மெஷின் புலி மாதிரி உறுமியது.

“இப்ப இதை ஓட விடோணும். ஆனா இதுக்குக் கால் இல்லியே?” என்றான் பொன்னான்.

“நமக்கு இருக்குதில்ல?” என்றான் அங்கண்ணன்.

உறுமுகிற மெஷினைத் தூக்கிக்கொண்டு மூவரும் பத்து நிமிஷம் ஊரைச் சுற்றி ஓடினார்கள். கல்யாணப் பந்தலே எழுந்து வழிவிட்டது.

திரும்பி வந்தால், பெண் வீட்டார் மரத்தின்மேல் ஏறி இறங்கி இந்தப் பக்கம் நின்றார்கள். மணப்பெண் பாப்பாத்தி புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

பொன்னான் பதறிப்போனான். “ஏனுங்க மாமா, மரம் குறுக்க கிடக்குதே, வழியில்லாம எப்படி வந்தீங்க?”

மாமனார் திரும்பி மரத்தைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

“அட, ஆமாங்க மாப்ள. கவனிக்காம வந்துட்டமுங்க.”

எல்லோரையும் கூட்டிக்கொண்டு மறுபடி ஏறி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கண்ணன் மெஷினை வைத்தான். மரம் வெண்ணெயாக அறுபட்டது. துண்டுகளை ஓரமாக உருட்டிவிட்டார்கள். மணி பத்தேகால். ரோடு துடைத்தாற்போல் கிடந்தது.

பெண் வீட்டார் ஒருவரும் நகரவில்லை.

“வாங்க மாமா, நேரமாச்சு!” என்று பொன்னான் கத்தினான்.

“வரோணுங்க மாப்ள, ஆனா ஏறி வர்றதுக்கு மரத்தையே காணமுங்களே!”

நியாயமான பேச்சு. மூன்று அண்ணன் தம்பிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, துண்டுகளை மறுபடி ரோட்டுக்குக் குறுக்கே உருட்டி அடுக்க ஆரம்பித்தார்கள்.

அந்தப் பக்கத்திலிருந்து பாப்பாத்தி குரல் கொடுத்தாள்: “இன்னுங் கொஞ்சம் உசரமா அடுக்குங்க. மொதல்ல வந்தப்ப இத்தனை குட்டையா இல்லீங்க!”