ஏரி குடித்த செம்பு

கருவேலங்கோட்டை ராஜாவுக்கு யானை வாய்த்தது, சேனை வாய்த்தது, நல்ல மந்திரி மட்டும் வாய்க்கவில்லை. பூவராகர்தான் வாய்த்தார். வெல்லத்தில் உட்கார்ந்த ஈயைக்கூடக் காலைக் கழுவி வாங்கிக்கொண்டுதான் பறக்கவிடுவார், அப்பேர்ப்பட்ட மனுஷர்!

அவருக்கு ஏரிக்கரையில் ஒரு செம்புப் பட்டறை. குடம், அண்டா எல்லாம் அங்கேதான் அடிப்பார்கள். களிம்பு போகப் புளித்தண்ணியில் ஊறப்போட்டுக் கழுவுவார்கள். கழுவின தண்ணி எங்கே போகும்? நேரே ஏரிக்குத்தான். ஏரி பச்சையாயிற்று. மீன் செத்து மிதந்தது. குடித்தவர்கள் வாந்தியெடுத்துச் சுருண்டார்கள். கீழத்தெரு ஜனங்கள் அரண்மனை வாசலில் வந்து அழுதார்கள்.

"யார் வேலை இது?" என்றார் ராஜா.

"என் பட்டறையிலிருந்து ஒரு குன்றிமணி செம்புகூட ஏரிக்குப் போனதில்லை மகாராஜா. ஏரித்தாய்மேல் சத்தியம்!" என்றார் பூவராகர். கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை.

சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன சாத்தன் எழுந்தான். "அந்தத் தாய் உடம்பெல்லாம் பச்சையாகக் கிடக்கிறாளே மந்திரியாரே! உங்கள் சத்தியத்தைக் கேட்டதனாலா?"

சபை சிரித்தது. பூவராகருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவனைத் தொலைத்துக்கட்ட இதுதான் சமயம்.

"மகாராஜா, சாத்தனே ஏரியைச் சுத்தம் பண்ணட்டும். ஆனால் ஒரு குடம் தண்ணியும் இறைத்துக் கொட்டக் கூடாது, கீழே பயிர் நிற்கிறது. மழைக்கு முன்னே முடியாவிட்டால் ஊரைவிட்டே போகட்டும்!"

ராஜா தலையாட்டினார். ராஜாக்களுக்குத் தலை எதற்கு, ஆட்டத்தானே?

சாத்தன் வண்டி வண்டியாக ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்து ஏரியில் மிதக்கவிட்டான். பட்டறை வாய்க்கால் விழுகிற இடத்தில் மட்டும் பாய் விரித்த மாதிரி நெருக்கமாக விட்டான். பூவராகர் கரையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அழுக்கை எடுடா என்றால் குப்பையைக் கொட்டுகிறாயே!"

"இதன் வேரைப் பாருங்கள், தாடி மாதிரி தொங்குகிறது. உங்களைப் போலவே, கிட்டே வந்ததையெல்லாம் உறிஞ்சிவிடும். ஒரே ஒரு வித்தியாசம், இதைப் பிடுங்கி எறியலாம்."

செடி கொழுத்தது. பிறகு இலை பழுத்தது. பழுத்ததைப் பிடுங்கி வண்டியேற்றிவிட்டுப் புதுச்செடி விட்டான். "மாட்டுக்காவது போடேன்" என்றார்கள் ஊர் ஜனங்கள். "மாடு என்ன பாவம் பண்ணிற்று?" என்று வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான்.

மழைக்கு முன்னே ஏரியில் மீன் துள்ளியது. ராஜா தண்ணியைக் கையில் அள்ளிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது.

"அது எப்போதும் சுத்தமாகத்தான் இருந்தது மகாராஜா. இவன் வித்தை காட்டுகிறான்" என்றார் பூவராகர்.

"மந்திரியார் சொன்னால் சரிதான், சத்தியமே பண்ணியிருக்கிறாரே!" என்று சாத்தன் ஒரு மூட்டையைத் தொப்பென்று வைத்து அவிழ்த்தான். உள்ளே செக்கச்செவேலென்று ஒரு செம்புக் கட்டி.

"செடியைக் காயவைத்து எரித்தேன். சாம்பலைக் கரியோடு உருக்கினேன். இது வந்தது. வீட்டில் இன்னும் சாம்பல் கிடக்கிறது. பட்டறையிலிருந்து குன்றிமணிகூட வரவில்லையென்றால் இது யாருக்கும் சொந்தமில்லை, ஏரித்தாய் கொடுத்தது. கீழத்தெருவுக்குப் பங்கிட்டுவிடலாமா மகாராஜா?"

பூவராகர் கட்டியைப் பார்த்தார். வருஷக்கணக்காகப் பட்டறையில் செம்பு குறைந்துகொண்டே வந்தது. வேலைக்காரர்கள்தான் திருடுகிறார்கள் என்று சவுக்கால் அடித்தாரே, அந்தச் செம்பு இதோ மின்னுகிறது! இது கீழத்தெருப் பயல்களுக்கா? புத்தி வந்து பிடிப்பதற்குள் நாக்கு ஓடிவிட்டது.

"எவன் செம்பை எவனுக்குக் கொடுப்பது? அது என் செம்பு! இந்தக் கரையில் என் பட்டறையைத் தவிர வேறு எவன் பட்டறை இருக்கிறது?"

பூவராகரின் வாய், கரையில் போட்ட கெண்டை மாதிரி திறந்து திறந்து மூடியது.

"பலே!" என்றார் ராஜா. "கட்டியில் கீழத்தெருவுக்குக் குடம் அடித்துக் கொடுங்கள். பூவராகரே, பட்டறைத் தண்ணிக்குத் தனிக்குட்டை வெட்டி ஆகாயத்தாமரை விடும். பழுத்ததை நீரே இடுப்பளவு இறங்கிப் பிடுங்கும்!"

பிறகு சாத்தன் பக்கம் திரும்பினார். "ஏரிக்குள் போன செம்பை வெளியே எடுத்தாய், சரி. இந்த ஆள் வாயிலிருந்து உண்மையை எப்படியடா எடுத்தாய்?"

"செடி குடித்ததைக் கக்கவைக்கத்தான் மகாராஜா, அடுப்பும் துருத்தியும் வேண்டியிருந்தது. மந்திரியாருக்குக் கட்டியைக் காட்டினதே போதும்!"