சடையன் பார்த்த வெளிச்சம்

"எந்த பேட்டரி நல்லது, அம்மா?"

அருள்நந்தி இதைக் கேட்பது ஏழாவது முறை.

அவருக்கு வயது அறுபத்தொன்று. மின் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குகைகளில் சிக்கியவர்களை மீட்கும் வேலையைக் கற்றுக்கொள்ள மலையேறி வந்திருந்தார். கற்றுக்கொடுத்த திலகவதிக்கு முப்பத்தெட்டு வயதுதான். ஆனால் குகை என்று வந்துவிட்டால் அந்த மலையில் அவர் சொல்வதுதான் சொல்.

அருள்நந்தி பாறைமேல் துண்டை விரித்து, கொண்டுவந்ததையெல்லாம் பரப்பியிருந்தார்.

"சாதாரண பென்சில் பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆனா இவ்வளவு பெரிய எல்.இ.டி. டார்ச்சுக்கு ஈடுகொடுக்காது. சார்ஜ் ஏத்துற நிக்கல் பேட்டரியை நம்பலாம், கொஞ்சம் கனம். லித்தியத்துக்குத்தான் வலு அதிகம். அதிலயும் இது ரொம்ப நேரம் தாங்குமாம்."

"யாருக்குத் தாங்கணும், ஐயா?"

"டார்ச்சுக்குத்தான்."

திலகவதி கையிலிருந்த டீயைக் குடித்து முடித்தார்.

உச்சிவேளையில் ஓர் ஆள் மூச்சிரைக்க ஓடிவந்தார். தேனெடுக்கப் போன சடையனைக் காலையிலிருந்து காணவில்லை. அவன் கூடை மட்டும் வௌவால் குகை வாசலில் கிடக்கிறது.

இருவரும் குகைக்குள் இறங்கினார்கள். அருள்நந்தி முன்னால் போனார். இரண்டாவது வளைவு தாண்டியதும் டார்ச்சை உச்ச வெளிச்சத்தில் வைத்தார்.

குகை பட்டப்பகலானது. கூரையில் தொங்கிய வௌவால்களை எண்ணிவிடலாம். தூரத்தில் ஒரு பள்ளத்தின் விளிம்பு தெரிந்தது. அவருக்கு மனசு நிறைந்துபோனது. தான் தேர்ந்தெடுத்தது சரிதான்.

நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. டார்ச் பட்டென்று அணைந்தது.

பொத்தானை அழுத்தினார். மின்னி அணைந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதேதான்.

"தப்பான பேட்டரியை எடுத்துட்டேன், அம்மா. இது நிறைய சேர்த்து வைக்கும். ஒரேயடியாக் கேட்டா தராது."

திலகவதியின் இடுப்பில் அவருடைய டார்ச் தொங்கியது. அதை அவர் தொடவில்லை. இருட்டில் கை நீட்டி அருள்நந்தியின் டார்ச்சை வாங்கினார். ஆகக் குறைந்த வெளிச்சத்தில் வைத்தார்.

அகல்விளக்கின் அளவுக்கு ஒளி வந்தது. வந்து, நின்றது.

"பேட்டரியை மாத்தினீங்களா?"

"இல்ல. நடங்க."

பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. தடவித் தடவி, ஊர்ந்து, அரைமணி நேரத்தில் பள்ளத்தை அடைந்தார்கள். அடியில் சடையன் கிடந்தான். கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. மற்றபடி பழுதில்லை.

கயிறு கட்டி மேலே தூக்கி, தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். மரத்தடியில் சாய்ந்து அவன் ஒரு செம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். வெயில் இதமாக இருந்தது. அருள்நந்திக்கு முட்டியெல்லாம் சிராய்ப்பு. ஆனாலும் சந்தோஷமாக இருந்தார்.

அந்தச் சந்தோஷத்தில் எட்டாவது முறையும் கேட்டுவிட்டார்.

"இப்பவாவது சொல்லுங்கம்மா. எந்த பேட்டரி நல்லது?"

திலகவதி சடையன் பக்கம் திரும்பினார்.

"உள்ள கிடந்தப்ப என்னப்பா பார்த்த?"

"மொதல்ல பெரிய வெளிச்சம் ஒண்ணு வந்துச்சுக்கா. சூரியனே எறங்கிட்ட மாதிரி. பட்டுனு போயிடுச்சு. தேடிட்டுத் திரும்பிப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். அதுவரைக்கும் அழல. அப்பத்தான் அழுதேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சின்னதா ஒண்ணு வந்துச்சு. அது போகல."