பில் கவுண்டரில் கிடைத்த ஏஜெண்ட்

ராசிபுரத்தில் ஜவ்வரிசி ஆலை வைத்திருந்த பொன்னுரங்கத்துக்கு, கையிலிருந்த மூன்று லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு போதாது, மேலே இன்னொன்று போடவேண்டும் என்று தோன்றியது. டிரைவர் செங்கோடனைக் கூப்பிட்டார்.

"ஊர்ல அம்பது ஏஜெண்ட் இருக்கான். சாயங்காலத்துக்குள்ள நல்ல ஆளாப் பார்த்துக் கூட்டிட்டு வா. ஏமாந்துட்டு வந்தியோ, வண்டிச் சாவியை வெச்சுட்டுப் போயிரு."

போன மாதம் செங்கோடன் பேரம் பேசி வாங்கிய செருப்பு, வீட்டில் வந்து பார்த்தால் இரண்டுமே இடது கால். இந்த லட்சணத்தில் அவன் ஏஜெண்டை எடைபோடுவதாவது! எந்த ஏஜெண்டையும் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனான். பில் போடும் பெண்ணிடம் கேட்டான்.

"இன்சூரன்ஸ் பணம் இழுத்தடிச்சா, இங்க வந்து மல்லுக்கட்டற ஏஜெண்ட் யாருங்க?"

"வேற யாரு, சபீனா அம்மாதான். அவங்க வந்தாலே எங்களுக்குத் தலைவலி."

சாயங்காலம் சபீனா முதலாளி முன்னால் உட்கார்ந்து சொன்னார்: "பில்லுல முதல் மூணு லட்சத்துக்கு இதுல ஒரு பைசா வராதுங்க. அதை உங்க பழைய பாலிசி பார்த்துக்கணும். அதுக்கு மேல ஆகறதைத்தான் இது குடுக்கும். அதனாலதான் பிரீமியம் கம்மி."

பொன்னுரங்கம் செங்கோடனை முறைத்தார். "என் மச்சானும் ஏஜெண்ட்தானே? இது வராது, அது வராதுன்னு அவன் சொன்னதே இல்லை. அவனை ஏன்டா விட்டே?"

செங்கோடன் தலையைச் சொறிந்தான். "எனக்குக் கூறு பத்தாதுங்க முதலாளி. அவரைப் பத்தியும் கேட்டேன். பதினஞ்சு வருசமா கவுண்டர்ல உக்கார்ற பொண்ணு, 'அவரு எந்த ஊரு?'ன்னு கேட்டுச்சுங்க."

முதலாளி சபீனா நீட்டிய படிவத்தை வாங்கிப் பேனாவைத் திறந்தார்.